ஹெட்விகியம்

அந்தக் காலத்து ஸ்வீடனில், நாற்பது வயது தாண்டியும் ஒரு தனிமம்கூடக் கண்டுபிடிக்காத மருந்துக்கடைக்காரரை, கல்யாணம் ஆகாமல் நரைத்துப்போன ஆளைப் பார்ப்பதுபோலத்தான் ஊர் பார்த்தது. வாய்விட்டு யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். கண்ணால் கொஞ்சம் பரிதாபப்படுவார்கள், அவ்வளவுதான். எந்தச் சுரங்கத்தில் எந்தக் கல்லைப் புரட்டினாலும் அடியில் ஒரு புது உலோகம் படுத்திருந்த தேசம் அது. பக்கத்து ஊர் மருந்துக்கடைக்காரர் தடுக்கி விழுந்த கல்லிலிருந்தே ஒன்றை எடுத்துவிட்டார். கால் கட்டு அவிழ்ப்பதற்குள் அவர் பெயர் தலைநகரத்துப் பட்டியலில் ஏறிவிட்டது.

ஸ்தேன்விக் ஊர் மருந்துக்கடைக்காரர் எலோஃப் நூர்லீனுக்கு வயது ஐம்பத்து மூன்று. தனிமம் பூஜ்யம்.

அவர் மனைவி ஹெட்விக்குக்குத் தன் பங்கில் தனிம ஆசை எதுவும் கிடையாது. ஆனால் இருபத்தேழு வருஷமாக ஒரு மனுஷன் தினமும் காலையில் நம்பிக்கையோடு அடுப்பு மூட்டி, சாயங்காலம் கையைத் துடைத்துக்கொண்டு வெறும் இரும்போடு சாப்பிட வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தால், அந்த ஆசை பார்க்கிறவளுக்கும் ஜலதோஷம் மாதிரி ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டது.

அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் இருந்தது. எந்தப் புதுப் பொருள் கையில் கிடைத்தாலும் நாக்கில் வைத்துப் பார்த்துச் சுவையை எழுத வேண்டும். எலோஃப் முப்பது வருஷமாக நேர்மையாக ருசி பார்த்துவந்தவர். ஈயம், பாதரசம், செம்பு, இன்னும் பேர் வைக்காத பச்சைத் தூள்கள் எல்லாம் அந்த நாக்கின் வழியாகத்தான் போயின. விளைவு, நாக்கு ஒரு செருப்புத்தோல் அளவுக்குப் பக்குவப்பட்டுவிட்டது. ஒருநாள் துணி துவைக்க வைத்திருந்த சோப்புத் தண்ணீரை மீன் சூப் என்று நினைத்து இரண்டு கிண்ணம் குடித்துவிட்டு, இன்றைக்கு நுரை கொஞ்சம் தூக்கல் என்று மட்டும் சொன்னார். மூக்கும் அதே கதிதான். புளிப்பு, கசப்பு, இனிப்பு என்று மேலோட்டமாகச் சொல்வார். எதனுடைய கசப்பு என்று கேட்டால் தெரியாது.

வியாழக்கிழமைகளில் ஊர் முழுக்க வழக்கப்படி பட்டாணி சூப்பும் பன்றி இறைச்சியும். அன்றைக்கு மட்டும் எலோஃப் சாப்பாட்டு மேஜையில் பாடம் எடுப்பார். ஒரு பட்டாணியைக் கரண்டியால் தனியே ஒதுக்கி, இதுதான் அணு என்பார். இரும்பு என்றால் உள்ளே அத்தனையும் ஒரே மாதிரிப் பட்டாணி, அதனால் அது தனிமம். இறைச்சித் துண்டோடு பட்டாணியை வெறுமனே கலந்து வைத்தால் கலவை, அதை ஹெட்விக்கே பொறுக்கிப் பிரித்துவிடலாம். இந்தத் துண்டு ஒன்றுக்கு இரண்டு பட்டாணி என்று கணக்காகக் கட்டிப்பிடித்து, இறைச்சியும் இல்லை பட்டாணியும் இல்லை என்கிற மூன்றாவது ஒன்றாக மாறிவிட்டால் அது சேர்மம். அதைப் பிரிக்கக் கரண்டி போதாது, நெருப்போ அமிலமோ வேண்டும். எது எப்படிக் கட்டிப்பிடித்தாலும் பட்டாணியின் எண்ணிக்கை மட்டும் கூடாது, குறையாது. ஹெட்விக் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, சூப் ஆறுகிறது என்பாள். ஆனால் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

எது தனிமம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று அவள் ஒருமுறை கேட்டாள். அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. வருஷத்துக்கு ஒருமுறை பாதிரியார் வீடுவீடாக வந்து ஒவ்வொருவரையும் நிற்கவைத்து வேதக் கேள்வி கேட்பாரில்லையா, அதே மாதிரிதான். நெருப்பு கேட்கும், தண்ணீர் கேட்கும், அமிலம் கேட்கும். பாதிப் பேர் இரண்டாவது கேள்வியிலேயே உடைந்துபோய் உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவார்கள். கடைசிக் கேள்விவரை உடையாமல் நிற்கிறவன் தனிமம்.

சாப்பாடு முடிந்ததும் எலோஃப் பையை மாட்டிக்கொண்டு பழைய சுரங்கத்துக்குக் கல் பொறுக்கக் கிளம்புவார். ஹெட்விக்கின் வியாழக்கிழமை அப்போதுதான் ஆரம்பிக்கும்.

ராஜாங்கம் அப்போது காப்பியை மறுபடியும் தடை செய்திருந்தது. குடித்தால் அபராதம்; சட்டி, கோப்பை எல்லாம் பறிமுதல். தடை வருவதற்கு முந்தின நாள் ஸ்தேன்விக்காரர்கள் ஒரு காப்பிச் சட்டிக்குக் கறுப்புத் துணி சுற்றி, பாட்டுப் பாடி, தேவாலயத்துக்குப் பின்னால் முறைப்படி அடக்கம் செய்தார்கள். பொழுது விடிவதற்குள் யாரோ தோண்டி எடுத்துப் போய்விட்டார்கள். தடையை நிறைவேற்றும் பொறுப்பு லென்ஸ்மன் க்ருப்புக்கு. லென்ஸ்மன் என்றால் அந்த வட்டாரத்துக்குப் போலீஸும் அவரே, வரி வசூலும் அவரே. மூன்று தெரு தள்ளி ஒருத்தி காப்பிக்கொட்டையை நினைத்துப் பார்த்தாலே அவர் மூக்கு அந்தப் பக்கம் திரும்பிவிடும். நான் மிகைப்படுத்தவில்லை. அப்படித் திரும்பிய மூக்கைப் பின்தொடர்ந்துபோய் அவர் ஒரு விதவையைப் பிடித்தபோது, அவள் உண்மையாகவே நினைத்துக்கொண்டுதான் இருந்தாள்.

அந்த மூக்கு நுழையாத இடம் ஊரிலேயே ஒன்றுதான், எலோஃபின் சோதனைச்சாலை. ஒருமுறை எட்டிப் பார்த்து நான்கு நாள் தும்மினார் க்ருப். அதற்குப் பிறகு அந்தச் சுவரோரம் நடக்கும்போதே மூக்கைப் பொத்திக்கொள்வார். காப்பி வறுக்க அதைவிடப் பத்திரமான இடம் ராஜ்யத்தில் இல்லை என்று ஹெட்விக் கண்டுகொண்டாள். எலிப் பாஷாணம் என்று சீட்டு ஒட்டிய ஜாடியில் கொட்டை. உலோகம் உருக்குகிற மூசையில் போட்டு வறுப்பாள். கல் பொடிக்கிற இரும்புக் கல்வத்தில் இடிப்பாள். ஒரு கோப்பை குடித்துவிட்டு, கல்வத்தை ஏப்ரனால் ஒரு துடை துடைத்து இருந்த இடத்தில் வைத்துவிடுவாள். வாரத்துக்கு ஒரு கோப்பை. பெரிய பாவம் என்று யாரும் சொல்ல முடியாது.

பிப்ரவரி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை எலோஃப் சோதனைச்சாலையிலிருந்து ஓடி வந்தார். அந்த மனுஷன் ஓடி ஹெட்விக் பார்த்ததே இல்லை. தீப்பிடித்த அன்றைக்குக்கூட நடந்துதான் வந்தார்.

பழைய சுரங்கத்தில் பொறுக்கிய வெளிறிய கல் ஒன்றைச் சோதித்தாராம். கல்லை நிறுத்து, கல்வத்தில் பொடித்து, முதலில் தண்ணீரில் கொதிக்கவிட்டு, பிறகு ஒவ்வொன்றாகப் பிரித்தாராம். கல் நூறு பங்கு. அதில் மணல் சத்து எழுபத்தொன்பது, களிமண் சத்து பதினேழு. ஆக தொண்ணூற்றாறு. மீதி நான்கு பங்கு, எந்தப் புத்தகத்திலும் இல்லாத பழுப்புத் தூள். வெந்நீரில் கரைகிறது. கசக்கிறது. ருசி பார்த்தால் நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, ராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லை. உலகத்தில் எந்தத் தனிமமும் ரசாயனக்காரனை இப்படி விழித்திருக்க வைத்ததில்லை.

கண்ணாடித் தட்டை அவள் மூக்குக்கு நேரே நீட்டினார். ஹெட்விக்குக்கு மூக்கு நன்றாக வேலை செய்யும். வியாழக்கிழமை வறுத்தது, கொஞ்சம் கருகிவிட்டது என்பதுவரை தெரிந்தது.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். அதற்குள் அவர், பாதித் தூளையும் கடிதத்தையும் காலையிலேயே தபால் சறுக்குவண்டியில் ஸ்டாக்ஹோம் அறிவியல் கழகத்துக்கு அனுப்பியாகிவிட்டது என்றார். இனி சொன்னால் என்ன ஆகும் என்று அவள் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போது, அவர் தலையைக் குனிந்துகொண்டு மெதுவாகச் சொன்னார்.

"பேரு வெச்சு அனுப்பிட்டேன். ஹெட்விகியம்னு."

இருபத்தேழு வருஷத்தில் எலோஃப் மனைவிக்குக் கொடுத்த பரிசு மொத்தம் ஒரு ஜோடிக் கையுறை. அதிலும் ஒன்றில் அமிலம் பட்டு ஓட்டை. ஹெட்விக் திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டாள்.

அடுத்த மூன்று வாரம் அவளுக்கு நரகமாகவும் சொர்க்கமாகவும் கழிந்தது. இரண்டும் மாறிமாறி வந்திருந்தால் பரவாயில்லை, ஒரே நேரத்தில் வந்தன. உண்மையைச் சொன்னால் அவர் வாழ்நாள் ஆசை, அவள் கையாலேயே இடித்த பொடியாகப் போகும். சொல்லாவிட்டால் ஸ்டாக்ஹோம் முழுக்க அவரைப் பார்த்துச் சிரிக்கும். நடுவில் அவளுடைய பெயர் வேறு. சந்தையில் பெண்கள் வழிவிட்டு நின்றார்கள். ரொட்டிக்கடைக்காரி, தனிமமாக இருப்பது உடம்புக்கு எப்படி இருக்கிறது என்று விசாரித்தாள். க்ருப் தொப்பியைக் கழற்றி வணங்கினார். அரசாங்கமே தடை செய்த பொருளின் பெயரைச் சொல்லி அரசாங்க அதிகாரி வணங்கியது ஸ்வீடன் வரலாற்றில் அது ஒன்றுதான்.

பயத்தில் கல்வத்தைச் சுடுதண்ணீர் விட்டுச் சுரண்டிச் சுரண்டிக் கழுவிவைத்தாள். காப்பியையும் நிறுத்தினாள். தலைவலி ஆரம்பித்தது.

நான்காவது வாரம் தலைநகரத்திலிருந்து அசெசர் வாட்ஸ்ட்ரம் வந்து இறங்கினார். சுரங்கத் துறையில் பெரிய பதவி. உடம்பும் பதவிக்கு ஏற்றது. துக்க வீட்டுக்கு வந்தவர்போல முகம். எலோஃப் கல் எடுத்து வரப் போன நேரம் பார்த்து, அவர் நேராகச் சமையலறைக்கு வந்து உட்கார்ந்தார்.

"அம்மா, நீங்க அனுப்பின சாம்பிளை ஏழு பேர் சோதிச்சோம். வெந்நீர்ல போட்டு."

"என்ன முடிவுக்கு வந்தீங்க ஐயா?"

"போதலைன்னு."

ஹெட்விக் கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள். அவர் கோபப்படவில்லை. தடை வந்ததிலிருந்து வறுத்த ரை தானியத்தையும் ஓக் மரக் கொட்டையையும் கொதிக்கவைத்துக் குடித்து ஏழு பேரும் மனிதர்களாகவே இல்லை என்றும், தபாலில் அந்தப் பொட்டலம் வந்த அன்று கழகத்தின் வயதான உறுப்பினர் ஒருவர் அழுதேவிட்டார் என்றும் சொன்னார். பிறகு காரியத்துக்கு வந்தார். வியாழக்கிழமை சாட்சிகள் முன்னிலையில் எலோஃப் அதே சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். பாதிரியார் ஒரு சாட்சி, லென்ஸ்மன் க்ருப் ஒரு சாட்சி. அதைப் பார்த்து அசெசர் அறிக்கை எழுத வேண்டும்.

"காப்பிக்காக நான் என்ன வேணா செய்வேம்மா. அறிக்கையில மட்டும் பொய் எழுத மாட்டேன், கை வராது. நீங்களே உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடுங்க. நான் சொன்னா அவருக்கு அவமானம். நீங்க சொன்னா வீட்டுச் சண்டை. சண்டை ஆறிடும்."

சொல்லத்தான் நினைத்தாள். அன்று சாயங்காலம் நினைத்தாள், மறுநாள் காலை நினைத்தாள். எலோஃப் தன் கல்யாணக் கோட்டை எடுத்து, பித்தளைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகச் சுண்ணாம்பு வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். பொத்தான் பளபளத்ததும் அதில் முகம் பார்த்துச் சிரித்துக்கொண்டார். அதைப் பார்த்தபிறகு யாரால் சொல்ல முடியும்.

புதன்கிழமை மதியம் ஹெட்விக் ஒரு காரியம் செய்தாள். கல்வம் சுத்தமாக இருந்தால் நாளைக்குத் தனிமம் வராது. ஊர் முன்னால் கல்யாணக் கோட்டோடு அந்த மனுஷன் வெறும் கையோடு நிற்பார். வந்துவிட்டால், நாளைக்கு ஒருநாளாவது தப்பும். அதற்கு அப்புறம் அசெசர் என்ன எழுதுவார் என்பதை அப்புறம் பார்க்கலாம். எலிப் பாஷாண ஜாடியை இறக்கி, வறுத்து, கல்வத்தில் இடித்து, இந்த முறை ஏப்ரனால் துடைக்காமல் விட்டாள். பயத்தில் கை கொஞ்சம் தாராளமாகவும் போய்விட்டது.

வியாழன் காலை எல்லோர் கண்முன்னாலும் அரசாங்க முத்திரை குத்திய எடைக்கல்லை வைத்துக் கல்லை நிறுத்தார்கள். சரியாக நூறு பங்கு. க்ருப் மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு வாசற்படியில் நின்று கையெழுத்துப் போட்டார். எலோஃப் பொடித்தார், கொதிக்கவைத்தார், வடித்தார், உலர்த்தினார், எரித்தார். இது மூன்று நாள் வேலை. மூன்று நாளும் அசெசர் வாட்ஸ்ட்ரம் பழுப்புத் தண்ணீர் கொதிக்கிற பாத்திரத்துக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு, கண்ணை மூடி, ஆழமாக மூச்சு இழுத்துக்கொண்டிருந்தார். ரசாயனத்தில் அவ்வளவு பக்தி உள்ள அதிகாரியைப் பார்த்ததில்லை என்று பாதிரியார் வெளியே போய்ச் சொன்னார்.

சனிக்கிழமை மதியம் எலோஃப் பலகையில் எழுதினார். மணல் சத்து எழுபத்தொன்பது. களிமண் சத்து பதினேழு. ஹெட்விகியம், பத்தொன்பது.

சாட்சிகளுக்கு மகிழ்ச்சி. நான்கு எங்கே, பத்தொன்பது எங்கே. ஐந்து அப்பத்தை ஐயாயிரம் பேருக்குப் பங்கிட்ட கதையைப் பாதிரியார் ஞாபகப்படுத்தினார். க்ருப் கையெழுத்துப் போடப் பேனாவை நனைத்தார்.

எலோஃப் மட்டும் அசையவில்லை. கூட்டிப் பார்த்தார். மேலிருந்து கீழே ஒருமுறை, கீழிருந்து மேலே ஒருமுறை. நூற்றுப்பதினைந்து.

ஹெட்விக் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. எவ்வளவு பயம் பிடித்திருந்தாலும் வியாழக்கிழமைப் பட்டாணிப் பாடத்தை அவள் மறந்திருக்கக் கூடாது. பட்டாணி கூடாது, குறையாது. நூறு பங்குக் கல்லிலிருந்து நூற்றுப்பதினைந்து வருவதென்றால் பாதிரியாருக்கு அது அற்புதமாக இருக்கலாம். எலோஃபுக்கு அது திருடன் வீட்டுக்குள் வந்து போன தடம்.

அவர் மெதுவாக எழுந்து கல்வத்தண்டை போனார். குனிந்தார். கல்வத்தின் விளிம்புக்குக் கீழே நகத்தை விட்டுச் சுரண்டினார். நகத்தில் ஏதோ வந்தது. பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தார். அவருக்கு நாக்கும் மூக்கும்தான் போயிருந்தன, கண் போகவில்லை. நடுவில் கோடு கிழித்த அரைக் கொட்டை. கல்லில் கொட்டை விளையாது.

நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். ஹெட்விக் ஏப்ரனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். வாசற்படியிலிருந்து க்ருப், அது என்ன என்று கேட்டார். கேட்டுக்கொண்டே ஒரு அடி உள்ளே வைத்தார். கைக்குட்டையைக்கூடக் கொஞ்சம் இறக்கினார்.

இது தனிமம்தான் என்று சாதித்தால் நாளைக்கு கற்றறிந்த ஏழு பேர் அவரைப் பொய்யன் என்பார்கள். இது காப்பி என்று சொன்னால் நாளைக்கு ஹெட்விக் க்ருப்பின் முன்னால் நிற்பாள். எலோஃப் அரைக் கொட்டையை வாயில் போட்டு விழுங்கினார். சுவை பார்க்கிறார் என்றே எல்லோரும் நினைத்தார்கள், தொழில் வழக்கம் அதுதானே. பிறகு பத்தொன்பது பங்குத் தூளையும் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் கொட்டினார். மேல்தட்டிலிருந்து வெடியுப்புத் திராவகத்தை எடுத்துக் கவிழ்த்தார். அது அங்கே இருந்ததிலேயே கடுமையான அமிலம்.

பாத்திரம் ஒரு நொடி யோசித்தது. அப்புறம் செங்கல் நிறத்தில் ஒரு புகை எழும்பிக் கூரையைத் தொட்டு, வாசல் பக்கம் திரும்பியது. க்ருப் மூக்கு இருக்கிற மனிதர், முதலில் வெளியே போனவர் அவர்தான். அவர் தும்மல் தெருமுனைவரை தேய்ந்துகொண்டே போனது. பாதிரியார் ஜன்னல் வழியாகப் போனார். அந்த வயதில் அது எப்படி முடிந்தது என்று அவரே பிறகு வியந்தார்.

புகை அடங்கியபோது பாத்திரத்தின் அடியில் கொஞ்சம் மஞ்சள் நீரும் கசடும் இருந்தன. ஜன்னலுக்கு வெளியே சாட்சிகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றார்கள். எலோஃப் அவர்களுக்குக் கேட்கும்படி சொன்னார்.

"முதல் கேள்விக்கே உடைஞ்சுபோச்சு. இது தனிமம் இல்லை. சேர்மங்கள் பல சேந்த ஏதோ ஒண்ணு. கல்லுலேருந்து வரலை, என் கல்வத்துல கிடந்த அழுக்கு. கழுவாம விட்டது நான்தான். அப்படியே எழுதிக்குங்க."

க்ருப், எழுதுவதென்றால் என்ன அழுக்கு என்று எழுத வேண்டுமே என்றார் ஜன்னலுக்கு வெளியிலிருந்து, மூன்று தும்மலுக்கு நடுவே. அசெசர் வாட்ஸ்ட்ரமின் கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. புகையாலா, பத்தொன்பது பங்கும் போய்விட்ட துக்கத்தாலா என்பது யாருக்கும் தெரியாது. அவர் தொண்டையைச் சரிசெய்துகொண்டு அரசாங்கக் குரலில், தாவரத்திலிருந்து வந்த அழுக்கு என்று எழுதிக்கொள்ளச் சொன்னார். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. க்ருப் எழுதிக்கொண்டார்.

அசெசர் திங்கட்கிழமை கிளம்பினார். வண்டியில் ஏறும்போது எலிப் பாஷாண ஜாடி ஒன்றைக் கம்பளியில் சுற்றி மடியில் வைத்திருந்தார். ஸ்டாக்ஹோமில் எலித்தொல்லை தாங்க முடியவில்லை என்றார்.

ஊர் பதினைந்து நாள் சிரித்தது. ரொட்டிக்கடைக்காரி, அழுக்காக இருப்பது உடம்புக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டாள். ஹெட்விக் அதைப் பொறுத்துக்கொண்டாள். வீட்டில் இருந்த அமைதியைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. சனிக்கிழமையிலிருந்து எலோஃப் அவளிடம் ஒரே ஒரு விஷயம்தான் பேசினார். காப்பியைப் பற்றி ஒன்றும் இல்லை, க்ருப்பைப் பற்றி ஒன்றும் இல்லை.

"மூணு தண்ணி. கல்வத்தை மூணு தண்ணி விட்டுக் கழுவணும். ஏப்ரன்ல தொடைக்கிறதுக்கு அது என்ன சூப்புக் கிண்ணமா?"

அவள் மன்னிப்புக் கேட்டாள். பெயர் போனதற்காக ஒருமுறை, அவர் பட்ட அவமானத்துக்காக ஒருமுறை, கல்வத்துக்காகத் தனியாக ஒருமுறை. மூன்றாவதுதான் எடுபட்டது. அவர் தலையை ஆட்டிவிட்டுக் கல்வத்தை எடுத்துக்கொண்டு போய்த் தானே மூன்று தண்ணீர் விட்டுக் கழுவினார். பிறகு அதே கல்லை இன்னொருமுறை சோதித்தார். கழகத்துக்குத் திருத்தக் கடிதம் எழுத வேண்டுமே, சரியான எண்களோடு எழுத வேண்டும் என்றார். அவமானத்தைக்கூட அந்த மனுஷன் நிறுத்துப் பார்த்துத்தான் அனுப்புவார்.

வியாழக்கிழமை சூப்புக்கு முன்னால் அவர் மேஜையில் அந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்து ஹெட்விக் பட்டாணி ஆய்ந்துகொண்டிருந்தாள். மணல் சத்து எழுபத்தொன்பது, களிமண் சத்து பதினேழு, சோதிப்பவரின் கைநடுக்கத்தால் சிந்தியது நான்கு என்று அவர் சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதினார். அவள் கை நின்றது.

"மொத தடவை என்ன வந்துதுங்க? அந்தத் தூளை விட்டுட்டுப் பாத்தா?"

"தொண்ணூத்தாறு."

"சனிக்கிழமை?"

"தொண்ணூத்தாறு."

"இப்ப கழுவின கல்வத்துல?"

அவர் பேனாவை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். ஹெட்விக் பட்டாணியைப் பார்த்தபடியே சொன்னாள்.

"உங்க கை நடுங்குறது எனக்குத் தெரியாதா? இருபத்தேழு வருஷமா நீங்க சூப்பு சிந்துறதைத் தொடைக்கிறவ நான். ஒருநாள் ரெண்டு கரண்டி சிந்தும், ஒருநாள் அரைக் கரண்டி. மூணு தடவையும் அளந்து வெச்சாப்பல நாலே சிந்துற கை உங்களுது இல்ல. மொத தடவை என் காப்பி அந்த நாலோட எடத்துல வந்து உக்காந்துக்கிச்சு, அதான் உங்களுக்குத் தெரியாமப் போச்சு. கல்லுல வேற என்னமோ இருக்கு."

எலோஃப் பேனாவை மறுபடி எடுத்தார். கடிதத்தில் ஒரு வரியை அடித்தார். இன்னொரு வரி அடித்தார். மணலையும் களிமண்ணையும் பிரித்தபிறகு மிஞ்சிய தண்ணீரில் பார்க்க எதுவும் தெரியவில்லை, தெளிவாக இருந்தது, அதனால் மூன்று தடவையும் கொட்டிவிட்டேன் என்று முணுமுணுத்தார். எங்கே கொட்டினீர்கள் என்று கேட்டாள். முற்றத்தில், கிணற்றுக்கு இடதுபக்கம் என்றார்.

இருவரும் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். முற்றம் முழுக்க முழங்கால் ஆழத்துக்குப் பனி. மார்ச் மாதக் குளிரில் கொட்டியதெல்லாம் கொட்டிய இடத்திலேயே கட்டியாகி நின்றது.

சூப்பை அன்றைக்கு இருவருமே மறந்துபோனார்கள். எலோஃப் சுரங்கத்துக் கோடாலியை எடுத்தார், ஹெட்விக் கறி வேகவைக்கிற பெரிய அண்டாவை எடுத்தாள். மருந்துக்கடைக்காரரும் அவர் மனைவியும் வெட்ட வெளிச்சத்தில் முற்றத்துப் பனிக்கட்டியை வெட்டி வெட்டி அண்டாவில் போட்டு வீட்டுக்குள் சுமந்து போவதைப் பார்க்க வேலிப்பக்கம் கூட்டம் சேர்ந்துவிட்டது. அண்டா என்றதும் க்ருப்புக்குச் சந்தேகம். வேலியைத் தாண்டி வந்து, ஒரு கட்டியைக் கையில் எடுத்து, மூக்கோடு சேர்த்துவைத்து நீளமாக மோந்து பார்த்தார். பிறகு இன்னொரு கட்டி. அதற்கு ஒரு வாசனையும் இல்லை. இதை எதற்கு உள்ளே கொண்டுபோகிறீர்கள் என்று கேட்டார். மூக்குநுனியில் ஒட்டிக்கொண்ட கட்டியை அவராலேயே எடுக்க முடியவில்லை. ஹெட்விக் தன் ஓட்டைக் கையுறையைக் கழற்றிவிட்டு, வெறும் விரலால் அதை மெதுவாகப் பெயர்த்து எடுத்து, அதையும் பத்திரமாக அண்டாவில் போட்டுக்கொண்டாள்.